எதிர்க்காற்றில் தனியாக

1960 ஜூன் 11 அன்று இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்கு ஒரு பாய்மரப் படகுப் போட்டி தொடங்கியது. படகுக்கு ஓர் ஆள்தான். வட அட்லாண்டிக்கின் அந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டமும் எதிரேதான் வரும். நியூஃபவுண்ட்லாந்தை நெருங்கினால் மூடுபனி, மிதக்கும் பனிப்பாறைகள். இத்தனையும் தெரிந்துதான் ஐந்து பேர் அந்தப் போட்டியில் இறங்கினார்கள். 58 வயதான பிரான்சிஸ் சிசெஸ்டர் 39 அடி நீளமுள்ள ‘ஜிப்சி மாத் 3’ படகில் 40 நாளில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த பிளாண்டி ஹாஸ்லருக்கு 48 நாள் ஆனது. அவருடைய ‘ஜெஸ்டர்’ 25 அடிதான்.

நீண்ட பயணத்துக்குத் தயாராகிறவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது இந்த இரண்டாம் இடத்தை. பாய்மரப் படகின் வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது. 14 அடி குறைவான படகு எட்டே நாள் பிந்தி வந்தது பெரிய காரியம். ஜெஸ்டரில் ஒரே பாய்மரம், ஒரே பாய். சீனக் கப்பல்களில் இருப்பதுபோல் குறுக்குச் சட்டங்கள் வைத்துத் தைத்த பாய் அது. கயிறுகள் எல்லாம் படகின் நடுவிலிருந்த ஒரு திறப்புக்கு வந்து சேரும். ஹாஸ்லர் அதில் இடுப்பளவு நின்றபடியே பாயைக் குறைப்பார், கூட்டுவார். மேல்தளத்துக்குப் போய் அலையில் நனையும் வேலை அவருக்கு அநேகமாக இல்லை. சுக்கானைக் காற்றின் திசைக்கேற்பத் தானாகத் திருப்பும் காற்றுத்தகடு பார்த்துக்கொண்டது. உடம்பு நனையாமல், தூக்கம் கெடாமல், படகும் உடையாமல் அவர் போய்ச் சேர்ந்தார். எதிர்க்காற்றில் தனியாகப் போகிறவருக்கு வேண்டிய திறமை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. வேகம் அதற்குப் பிறகு வரும்.

கணக்கை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்

எந்தப் பாய்மரப் படகும் காற்றை நேர் எதிரே பிளந்துகொண்டு போகாது. ஏரியில் 45 டிகிரி வரை நெருங்கிப் போகும் படகு, பெருங்கடல் அலையில் பக்கவாட்டுச் சறுக்கலும் சேர்ந்து ஏறக்குறைய 60 டிகிரியில்தான் முன்னேறும். அப்படியானால் 5 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கடல் மைல் ஓடினாலும் காற்று வரும் திசையில் நீங்கள் ஏறுவது மணிக்கு இரண்டரை கடல் மைல். நாள் முழுக்க 120 கடல் மைல் ஓடினால் கைக்குக் கிடைப்பது 60. எதிரே அரை நாட் நீரோட்டம் இருந்தால் அதில் இன்னும் 12 போய்விடும். கிளம்புவதற்கு முன்பே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். 30 நாள் பயணம் என்று கணக்கு வந்தால் 45 நாளுக்குத் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றுங்கள்.

காற்றின் பலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 18 நாட் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு 5 நாட்டில் ஓடும்போது மேல்தளத்தில் உணரும் காற்று 13 நாட். அதே காற்றில் 60 டிகிரியில் எதிரே ஓடினால் 21 நாட். பாயின் மேல் விழும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். ஆகவே அது இரண்டரை மடங்குக்கு மேல். திசையை மாற்றியதுமே இதமான நாள் முரட்டு நாளாகிவிடுவது இதனால்தான்.

உலகைச் சுற்றும் பயணங்களிலும் இது பளிச்சென்று தெரியும். 2004இல் ழான் லுக் வான் டென் ஹீட் 85 அடிப் படகில் தனியாக, எங்கும் நிற்காமல், காற்றுக்கு எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே உலகைச் சுற்றி 122 நாளில் முடித்தார். அது அன்றைய சாதனை. அதற்கு அடுத்த குளிர்காலத்தில் வான்சான் ரியூ 60 அடிப் படகில், காற்றோடு சேர்ந்து கிழக்கே சுற்றி, வாந்தே குளோப் போட்டியை 87 நாளில் வென்றார். பெரிய படகுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் கூடுதலாக ஆனது.

சுற்றிப் போவதில் குறைவில்லை

எதிர்க்காற்றைச் சமாளிக்க முதல் வழி, அது வீசும் இடத்துக்கே போகாமலிருப்பது. வாஸ்கோ ட காமா 1497இல் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டித் தெற்கே போகாமல் அட்லாண்டிக்கின் நடுவே வெகுதூரம் மேற்கே வளைந்து போய், பிறகு மேற்குக் காற்றைப் பிடித்து ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு வந்தார். இன்றும் ஐரோப்பாவிலிருந்து நன்னம்பிக்கை முனைக்குப் போகும் பாய்மரப் படகுகள் பிரேசில் பக்கமாக ஒதுங்கித்தான் இறங்குகின்றன. ஹவாயிலிருந்து கலிபோர்னியாவுக்குத் திரும்புகிறவர்கள் முதலில் வடக்கே ஏறி, பசிபிக்கின் உயரழுத்த மண்டலத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்புவார்கள். போட்டிக்காக அல்லாமல் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் கேனரி தீவுகளுக்கு இறங்கி, புயல் பருவம் முடியும் நவம்பர் கடைசியில் வியாபாரக் காற்றில் கரீபியனுக்கு ஓடுவார்கள். தூரம் கூடும். ஆனால் காற்று பின்னாலிருந்து தள்ளும்.

எந்த மாதத்தில் எந்தக் கடலில் எந்தக் காற்று என்பதை மாதவாரியான பைலட் சார்ட்டுகள் சொல்லும். அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ மௌரி கப்பல்களின் பழைய பயணக் குறிப்பேடுகளைத் திரட்டி 1847இல் வெளியிட்ட வட அட்லாண்டிக் காற்று வரைபடத்திலிருந்து வளர்ந்தவை அவை. கையில் எத்தனை வானிலைச் செயலிகள் இருந்தாலும் இவற்றைப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். செயலி ஒரு வாரத்தைச் சொல்லும். இவை ஒரு பருவத்தைச் சொல்லும்.

நம் பக்கத்துக் கடலுக்கும் இதே விதிதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொச்சியிலிருந்து ஓமான் பக்கம் போக நினைப்பவர் தென்மேற்குப் பருவக்காற்றின் முழு பலத்தையும் எதிரே வாங்க வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்றில் அதே வழி சுகமான பயணம். பருவத்துக்காகக் காத்திருக்க முடியாதவர் தனிப்பயணத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்றே சொல்வேன்.

எந்தப் பக்கம் ஓடுவது

சுற்றிப் போக வழியில்லை, காற்று எதிரேதான் என்று ஆகிவிட்டால், அது மிகச் சரியாக நேர் எதிரே வீசுவது அபூர்வம் என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் நேர் மேற்கே போக வேண்டும், காற்று மேற்கிலிருந்து 30 டிகிரி தெற்கே விலகி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுக்கு 60 டிகிரியில் ஓடும் படகுக்கு இரண்டு வழிகள். ஒன்றில் மேற்கிலிருந்து 30 டிகிரி வடக்கே போகலாம். 5 நாட் வேகத்தில் 4.3 நாட் இலக்கை நோக்கிக் கிடைக்கும். மற்றொன்றில் நேர் தெற்கே போவீர்கள். இலக்கை நோக்கி ஒரு மைல்கூடக் கிடைக்காது. இலக்குக்கு நெருக்கமாகப் போகும் வழியிலேயே ஓடுங்கள், காற்று மாறும்வரை. காற்று கட்டாயம் மாறும்.

அது எப்படி மாறும் என்பதையும் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். தென் அரைக்கோளத்தின் மேற்குக் காற்றுப் பட்டையில் ஒவ்வொரு குளிர்முகம் கடக்கும்போதும் இது நடக்கும். முதலில் காற்று வடமேற்கிலிருந்து வரும். பாரமானி இறங்கும். மழை வரும். அப்போது காற்றை வலது பக்கம் வாங்கிக்கொண்டு மேற்கு-தென்மேற்காக ஓடுங்கள். குளிர்முகம் கடந்ததும் பாரமானி சட்டென்று ஏறும். காற்று தென்மேற்குக்குத் தாவும். அந்த நேரத்தில் படகைத் திருப்பி, காற்றை இடது பக்கம் வாங்கி, மேற்கு-வடமேற்காக ஓடுங்கள். இரண்டு பாதைகளும் மேற்கை நோக்கியே இருக்கும். திருப்பத் தவறினால் அதே தென்மேற்குக் காற்று உங்களைத் தெற்கே இழுத்துக்கொண்டு போகும், மேற்கில் ஒன்றும் கிடைக்காது. வட அரைக்கோளத்தில் வரிசை மாறும்: முதலில் தென்மேற்கு, பிறகு வடமேற்கு. செய்யும் வேலை ஒன்றுதான்.

ஓர் எச்சரிக்கை. காற்று மாறினாலும் பழைய அலை உடனே சாகாது. திரும்பிய முதல் சில மணி நேரம் வடமேற்கிலிருந்து வரும் பழைய அலை கிட்டத்தட்ட நேர் எதிரே மோதும். அந்த நேரத்தில் பாயை வழக்கத்தைவிடக் குறைத்து, பொறுமையாகப் போங்கள்.

நெருக்கிப் பிடிக்காதீர்கள்

எதிர்க்காற்றில் புதியவர்கள் விடாமல் செய்யும் பிழை, அணியத்தைக் காற்றுக்குள் மேலும் மேலும் திணிப்பது. திசைகாட்டியில் இலக்கு நெருங்கி வருவதுபோல் தெரியும். படகோ ஒவ்வொரு அலையிலும் நின்று நின்று பக்கவாட்டில் சறுக்கும். உதாரணத்துக்கு, 50 டிகிரியில் 3.8 நாட் வேகம், 10 டிகிரி சறுக்கல் என்றால் காற்றுக்குள் ஏறுவது 1.9 நாட். எட்டு டிகிரி தளர்த்தி 58இல் விட்டால், வேகம் 5.3க்கு ஏறி, கீல் நன்றாகத் தண்ணீரைப் பிடித்து, சறுக்கல் 5 டிகிரியாகக் குறையும். ஏறுவது 2.4 நாட். படகின் குலுக்கலும் தணியும்.

எதிர்ப் பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. அலை உச்சியிலிருந்து படகு காற்றில் எகிறி விழுந்து, அடிப்பாகம் மொத்தமாகத் தண்ணீரில் அறையும் சத்தம் கேட்கத் தொடங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பாயைக் குறையுங்கள். அந்த அறைதல் ஒவ்வொன்றும் மரத்தையும் கம்பியையும் ஒட்டுகளையும் உலுக்குகிறது. ஒரு நாளில் அது ஆயிரக்கணக்கில் நடக்கும்.

பாயைக் குறைக்கலாமா என்ற யோசனை வந்தாலே குறைத்துவிட வேண்டும். தனியாளுக்கு இதில் மறுபேச்சு கிடையாது. மாலையில் இருட்டுவதற்கு முன் ஒரு மடிப்புக் கூடுதலாகவே எடுத்துவிட்டு இரவுக்குள் போங்கள். அரை நாட் வேகம் குறைந்தால் விடியும்போது ஐந்தாறு மைல் பின்தங்கியிருப்பீர்கள். நள்ளிரவில் 30 நாட் காற்றில் முன்தளத்தில் முழங்காலிட்டுப் பாயோடு மல்லுக்கட்டுவதற்கு அது எவ்வளவோ மேல்.

இரவில் தனியாகத் திருப்புவது

பகலில் ஆட்கள் இருக்கும் படகில் அரை நிமிட வேலை. இரவில் தனியாகச் செய்யும்போது கால்மணி நேரம் ஒதுக்குங்கள். வேலையின் பெரும்பகுதி படகுக்குள்தான். இதுவரை சாய்ந்திருந்த பக்கம் இனி மேலே போகும். அடுப்பின் மேலிருக்கும் கெட்டில், மேசையில் கிடக்கும் பென்சில், தரையில் வைத்த பூட்ஸ் எல்லாம் குறுக்கே பறக்கும். முதலில் அவற்றை எடுத்து அடக்கி வையுங்கள். சாய்வு மாறினால் சமையல் தொட்டியின் வடிகால் கடல் மட்டத்துக்குக் கீழே போய்த் தண்ணீர் உள்ளே ஏறலாம். அதன் வால்வை மூடுங்கள். படுக்கையை எதிர்ப் பக்கத்துக்கு மாற்றி, உருண்டு விழாமலிருக்கத் தடுப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். திருப்பி முடித்ததும் நேராகப் போய்ப் படுக்க இடம் தயாராக இருக்க வேண்டும்.

இனி மேலே போகலாம். பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை வெளியே கால் வைப்பதற்கு முன்பே மாட்டுங்கள். சுற்றிலும் கப்பல் விளக்கு தெரிகிறதா என்று ஒரு முழு வட்டம் பாருங்கள். தளர்ந்திருக்கும் பக்கத்துக் கயிற்றை வின்ச்சில் இரண்டு சுற்று சுற்றி, தொய்வை இழுத்து வையுங்கள். காற்றுத்தகட்டைப் புதிய கோணத்துக்குத் திருப்புங்கள். படகு வேகம் எடுக்கும்வரை, இரண்டு பெரிய அலைகள் கடந்து சற்றுத் தட்டையான இடம் வரும்வரை காத்திருங்கள். பிறகு சுக்கானைத் தள்ளுங்கள். முன்பாய் படபடக்கத் தொடங்கியதும் பழைய கயிற்றை விட்டு, புதியதை அதில் பாரம் ஏறுவதற்கு முன் கையாலேயே இழுத்துவிடுங்கள். அந்த மூன்று நான்கு நொடியைத் தவறவிட்டால் அதே கயிற்றை வின்ச்சில் பல நிமிடம் சுற்ற வேண்டியிருக்கும்.

சுக்கானைப் பிடிப்பது யார்

நீங்கள் பிடிக்கக் கூடாது. எதிர்க்காற்றில் காற்றுத்தகட்டுக் கருவிதான் உங்கள் இரண்டாவது ஆள். அதற்கு மின்சாரம் வேண்டாம். காற்று மாறினால் படகும் கூடவே மாறும். ஆனால் அது உடையும் என்று எதிர்பார்த்தே கிளம்ப வேண்டும். 1970 அக்டோபரில் சே பிளைத் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ என்ற 59 அடி எஃகுப் படகில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, மேற்கே, காற்றுக்கு எதிராக, தனியாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் ஆளாக 292 நாளில் திரும்பினார். கேப் ஹார்னைத் தாண்டியபின் அவருடைய தானியங்கிச் சுக்கான் கருவி சிதைந்துவிட்டது. அதன்பிறகு பசிபிக், இந்தியப் பெருங்கடல், அட்லாண்டிக் முழுவதையும் அது இல்லாமலே கடந்தார். பாய்களைச் சமன்படுத்திச் சுக்கானைக் கட்டிவைத்து ஓட்டியது அவருக்குக் கைகொடுத்தது.

எதிர்க்காற்றில் ஓடும் படகை இப்படிச் சமன்படுத்துவது எளிது என்பது இந்தக் கடினமான திசை தரும் ஒரே சலுகை. கரைக்கு அருகிலேயே பழகுங்கள். முன்பாயை இறுக்கி, பெரிய பாயைச் சற்றுத் தளர்த்தி, சுக்கானைக் கட்டிவிட்டு, படகு எவ்வளவு நேரம் தானாக ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடினால் நம்பிப் போகலாம்.

தூக்கமும் சாப்பாடும்

எந்நேரமும் கண்காணிப்பு வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. தனியாளால் அதை முழுமையாகக் கடைப்பிடிக்க முடியாது. அதனால்தான் பொறுப்பு கூடுகிறது. 20 நாட்டில் வரும் சரக்குக் கப்பலும் 5 நாட்டில் போகும் நீங்களும் எதிரெதிரே வந்தால் இடையிலுள்ள 10 மைல் 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கப்பல் பாதைகளில் 20 நிமிடத்துக்கு மேல் ஒரேயடியாகத் தூங்காதீர்கள். அருகில் வரும் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவியின் அலாரத்தையும் ரேடார் அலாரத்தையும் போட்டு வையுங்கள். பாதைகளை விட்டு விலகிய நடுக்கடலில் ஒரு மணி, ஒன்றரை மணி என நீட்டலாம்.

25 டிகிரி சாய்ந்து குதிக்கும் படகில் சமையல் பெரும்பாடு. ஆடும் அடுப்பில் பிரஷர் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் வைத்து, பருப்பும் அரிசியும் ஒன்றாக வேகவிட்டு அதிலேயே சாப்பிடுங்கள். வெந்நீர் மேலே சிந்தினால் உதவிக்கு யாருமில்லை. ஆகவே எத்தனை புழுக்கமாக இருந்தாலும் ரப்பர் மேலங்கியைப் போட்டுக்கொண்டே அடுப்பருகில் நில்லுங்கள். அடுப்பே பற்றவைக்க முடியாத நாட்களுக்கு அவல் நம்மிடம் இருக்கிறது. ஊறவைத்து வெல்லம் சேர்த்தால் ஒரு வேளை முடிந்தது. இரண்டு மூன்று வேளை சேர்ந்தாற்போல் சாப்பிடாமல் விடுகிறவர் நிதானம் இழந்து தவறான முடிவெடுப்பார்.

அப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் படகை நிறுத்தி வைக்கும் உத்தி. முன்பாயைக் காற்று வரும் பக்கத்துக்கு இழுத்துக் கட்டி, பெரிய பாயை மடித்து, காற்று வரும் பக்கமாகப் படகு திரும்ப முயலும்படி சுக்கானைக் கட்டிவிட்டால், படகு மெதுவாக மணிக்கு ஒரு மைல் அளவில் பின்னால் நழுவும். குலுக்கல் அடங்கிவிடும். ஆறு மணி நேரம் இப்படி நின்றால் ஆறு மைல் போகும், ஒரு முழுத் தூக்கமும் ஒரு சூடான சாப்பாடும் கிடைக்கும். ஒல்லியான கீல் உள்ள புதுப் படகுகள் எளிதில் இப்படி நிற்பதில்லை. உங்கள் படகு எந்த அளவு பாயில் நிற்கிறது என்பதை முன்பே கண்டுபிடித்துக் குறித்து வையுங்கள்.

மனதுக்கும் ஒன்று செய்ய வேண்டும். சார்ட்பிளாட்டர் திரையில் ‘சென்று சேர இன்னும் இத்தனை நாள்’ என்று காட்டும் கட்டத்தை மறைத்துவிடுங்கள். ஒரு பக்கம் ஓடும்போது 19 நாள் என்று காட்டும், திருப்பியதும் 60 என்று காட்டும். தனியே இருக்கும் மனிதனை அந்த எண் வாட்டி எடுத்துவிடும். தினமும் நண்பகலில் ஒரே ஒரு முறை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். போதும்.

பின்வாங்கவும் தெரிய வேண்டும்

தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். 1896 மார்ச் தொடக்கத்தில் அவர் தன் 37 அடி ‘ஸ்ப்ரே’ படகில் மகல்லன் நீரிணையைத் தாண்டிப் பசிபிக்கில் நுழைந்ததுமே வடமேற்கிலிருந்து புயல் அடித்தது. அவர் எதிர்த்து நிற்கவில்லை. பாய்களை இறக்கிவிட்டு, புயல் தள்ளிய தென்கிழக்குத் திசையிலேயே கேப் ஹார்ன் பக்கமாக ஓடினார். பாறைகள் நிறைந்த கடலைக் கடந்து மறுபடி அதே நீரிணைக்குள் வந்து, போர்ட் அங்கோஸ்டோ என்ற ஒதுக்கிடத்தில் நங்கூரமிட்டார். அங்கிருந்து ஆறு முறை கிளம்பி ஆறு முறையும் திரும்பி வந்தார். ஏழாம் முறை, ஏப்ரல் 13 அன்று, வெளியேறினார். திரும்பி வந்த அந்த ஆறு முறைகளை நான் தோல்வியாகக் கருதவில்லை. படகும் அவரும் சேதமில்லாமல் இருந்ததால்தான் ஏழாவது முறை சாத்தியமாயிற்று. 34 நாட்டைத் தாண்டிக் காற்று ஏறி, பின்னால் கரை இல்லாத விரிந்த கடல் இருந்தால், திரும்பி அதன் போக்கில் ஓடுங்கள். நூறு மைல் போனாலும் பரவாயில்லை.

படகைப் பார்த்துக்கொள்ளும் வேலைகள் சில பாக்கி. நங்கூரத்தை அணியத்திலிருந்து எடுத்து உள்ளே தாழ்வாகக் கட்டுங்கள். சங்கிலி இறங்கும் துளையைக் களிமண்ணும் துணியும் வைத்து அடையுங்கள், அதன் வழியே அலைக்கு அலை தண்ணீர் இறங்கும். டீசல் தொட்டியின் அடிக்கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும், மாற்று ஃபில்டர் நான்கைந்து எடுத்துச் செல்லுங்கள். பாயை ஏற்றும் கயிற்றைத் தினமும் சில சென்டிமீட்டர் நகர்த்தினால் ஒரே இடத்தில் தேயாது. நாள்கணக்கில் ஒரே பக்கம் ஓடும்போது காற்றுப் பக்கத்துக் கம்பிகள் பாரம் தாங்கும், மறுபக்கத்துக் கம்பிகள் தொய்ந்து ஆடும். ஆடுகிற கம்பியின் முனையில்தான் ஊசிகள் கழலும். காலையில் ஒரு முறை கையால் தொட்டுப் பாருங்கள்.

கரை சேர்ந்ததும் வேலை முடிவதில்லை. இரண்டு நாள் தூங்குங்கள். அதன்பின் பாய்மரத்தின் உச்சிவரை ஏறி, ஒவ்வொரு கம்பியும் முனைக்குள் நுழையும் இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பத்தொன்பது இழைக் கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியை மாற்றாமல் அடுத்த பயணம் கிளம்பாதீர்கள்.